மறுமொழி: ஏ.ஏ.சி.க்குத் தமிழ்ச் சொல் – ‘மிகை’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். பேச முடியாதவர்களும் பேச்சு போதாதவர்களும் படப் பலகை, குரல் தரும் கருவி போன்றவற்றின் வழியே பேசுவதை ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டேட்டிவ் அண்ட் ஆல்டர்னேட்டிவ் கம்யூனிகேஷன்’, சுருக்கமாக ஏ.ஏ.சி., என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழை நீண்டுவிட்டதால் வரிக்கு வரி பதில் எழுதுகிறேன்.

> ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’யை மிகை மெய்ம்மை என்கிறோம். அதே வழியில் ‘மிகை மற்றும் மாற்றுத் தொடர்பாடல்’ என்று வைத்துவிடலாமே?

ஒப்புமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிகைபடக் கூறலை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் சாதாரணமாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுகிறார்கள். பலகையிலோ திரையிலோ தொட்டுத் தொட்டுப் பேசுபவர்கள் பெரும்பாலும் 15 சொற்களைத் தாண்டுவதில்லை. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதுதான் இத்துறை ஆய்வாளர்களின் தீராத தலைவலி. அந்த நிலையில் இருப்பவரின் கருவிக்குப் போய் ‘மிகை’ என்று பெயர் சூட்டுவது கேலிபோல் ஆகிவிடும். என் பரிந்துரை: துணைத் தொடர்பாடல்.

> ‘மாற்று’ விடுபடுகிறதே?

தெரிந்தேதான் விட்டேன். ‘மாற்று’ என்று காதில் விழுந்தவுடன் பெற்றோர் கேட்பது ஒன்றே: “இதைப் பழக்கினால் பிள்ளை பேசாமலே போய்விடுமோ?” மில்லர், லைட், ஷ்லோசர் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. வலுவான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குச் சிறிதளவேனும் கூடியிருந்தது. இல்லாத அச்சத்தைப் பெயரிலேயே ஏன் ஏற்றிவைக்க வேண்டும்?

ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சுட்டி ஒருவர் எழுதியிருந்தது நியாயமான மறுப்பு. 1985இல் மூச்சுக்குழாய் அறுவைக்குப் பின் அவருக்குக் குரலே இல்லை. கணினிக் குரல் அவருக்கு முழு மாற்று. அத்தகைய நிலையைக் குறிக்க ‘மாற்றுத் தொடர்பாடல்’ என்பதை உட்பிரிவாக வைத்துக்கொள்ளலாம். தலைப்புச் சொல்லில் வேண்டாம்.

> தொடர்பாடல் இலங்கை வழக்கு. இங்கே ‘தகவல் தொடர்பு’தான் புழக்கத்தில் இருக்கிறது.

எந்தக் கரைச் சொல்லானால் என்ன, பொருந்தினால் எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன மூவரில் ஒருவரான ஜானிஸ் லைட் 1988இல் தொடர்பாடலின் நோக்கங்களை நான்காகப் பிரித்தார்: தேவையைச் சொல்லுதல், தகவல் பரிமாறுதல், நெருக்கம் வளர்த்தல், வணக்கம் நன்றி போன்ற சமூக மரியாதைகள். நான்கில் ஒன்றுதான் தகவல். பாட்டியிடம் வம்படிக்கும் பிள்ளை எந்தத் தகவலைத் தெரிவிக்கிறது? ‘தகவல் தொடர்பு’ என்று வைத்தால் பலகையில் ‘பசி’, ‘கழிப்பறை’ போன்ற படங்களை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஏற்கெனவே பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

> ‘கோர் வொக்காபுலரி’ = மையச் சொற்கள்?

இங்கேதான் எனக்குத் தயக்கம். ஆங்கிலத்தில் சில நூறு சொற்களே அன்றாடப் பேச்சில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. அவற்றைத்தான் ‘கோர் வொக்காபுலரி’ என்கிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்ப் பலகை ஆக்கிவிட முடியாது. ஒரு குழந்தை ‘நான்’, ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்று மூன்று படங்களைத் தொடுகிறது. கருவி “நான் தண்ணீர் வேண்டும்” என்று ஒலிக்கிறது. ‘எனக்கு’ வர வேண்டுமென்றால் நான்காம் வேற்றுமைக்கு ஓர் இடம் வேண்டும், அல்லது கருவியே அதை ஊகித்துத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் தனிக் கட்டங்களில் உட்காரும் சிறுசொற்கள் தமிழில் உருபுகளாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது பெயரையும் மாற்றுகின்றன. ‘மரம்’ படம் போடலாம், ‘மரத்தில்’ என்பதற்கும் ஏதாவது செய்யலாம். இடையில் வரும் ‘அத்து’ச் சாரியைக்கு எந்த ஓவியர் படம் வரைவார்?

ஆகவே ‘சொற்கள்’ என்று முடியும் பெயரை இப்போதே உறுதிசெய்ய வேண்டாம். குழுவில் பேச்சுப் பயிற்சியாளர்கள் யாராவது இருந்தால், தங்கள் தமிழ்ப் பலகைகளில் உருபுகளுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.