இயக்கசக்தியைத் தந்து ‘மூலகம் எது?’ என்று கேட்கும் கணக்கு: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

உவர்மலை ரீச்சர்:

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எந்த வகுப்பு வந்தாலும் நான் விடாமல் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. ‘ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் மணிக்கு 1800 கிலோமீற்றர் கதியில் போகின்றன. ஒரு மூல் அணுக்களின் இயக்கசக்தி 5.98 கிலோயூல். மூலகம் எது?’

சூத்திரத்தில் ஒருவரும் தடுமாறுவதில்லை. திணிவின் பாதியைக் கதியின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்கசக்தி. அப்படியானால் திணிவு வேண்டுமென்றால் சக்தியை இரட்டித்துக் கதியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 1800 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 500 மீற்றர். 5.98 கிலோயூல் என்பது 5980 யூல். 11,960 ஐ 250,000 ஆல் வகுத்தால் 0.0478. இது கிலோகிராம். கிராமுக்கு மாற்றினால் 47.8. ஒரு மூல் அணுக்களின் கிராம் அளவுதான் ஆவர்த்தன அட்டவணையில் இருக்கும் அணுத்திணிவு எண். அங்கே தைத்தேனியம் 47.87. அதற்கு இந்தப் பக்கம் ஸ்கண்டியம் 44.96, அந்தப் பக்கம் வனேடியம் 50.94. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

போன தவணை ஒரு பிள்ளை 1800 ஐ மாற்றாமல் அப்படியே வர்க்கித்துவிட்டான். விடை 3.69 கிராம். நேரே அட்டவணைக்குப் போய், 4.00 இல் இருக்கும் ஈலியத்தைப் பிடித்து, பெரிதாகக் கோடும் இழுத்துவிட்டான். பக்கத்து மேசைப் பிள்ளை 3.6 ஆல் வகுக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்திருந்தாள். ஆனால் வர்க்கித்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வகுத்தாள். வந்தது 13.3. காபன் 12.01, நைதரசன் 14.01. எது கிட்ட என்று பார்த்து நைதரசன் என்று எழுதினாள்.

இரண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். பெருக்கல், வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 3.69 எங்கே, 4.00 எங்கே! கிட்டத்தட்ட எட்டு வீதம் வித்தியாசம். தரவு மூன்று இலக்கத்துக்குத் தந்திருக்கும்போது விடையும் அந்த அளவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அட்டவணையில் ‘கிட்ட’ இருப்பதைத் தேடக்கூடாது, மேலே போய் அலகைத் தேட வேண்டும். ‘கிட்ட வந்துவிட்டது’ என்பதற்கு நான் புள்ளி கொடுப்பதில்லை. சிலர் இதைக் கடுமை என்பார்கள். ஒரு உலோகத்தை வாயு என்று எழுதிய விடைக்குப் புள்ளி போட எனக்கு மனம் வராது.

உங்களுக்கு இந்த மாதிரிக் கணக்கோடு என்ன அனுபவம்?

தம்பலகாமம், இரண்டாம் தடவை:

ரீச்சர், எனக்கு அண்ணா ஒரு வழி சொல்லித் தந்தார். விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் யோசிக்கவே தேவையில்லை, எங்கேயோ ஆயிரம் தவறிவிட்டது. ஐதரசனே 1.008, அதைவிடப் பாரம் குறைந்த மூலகம் கிடையாது. 0.0478 என்று வந்தால் கிலோகிராம் கிராமாகவில்லை. 0.0000478 என்று வந்தால் கிலோயூலும் யூலாகவில்லை. பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லாமல் இருக்கும்போது இது பெரிய உதவி.

நிலாவெளி வளாகம்:

ரீச்சர் தைத்தேனியத்தை எடுத்தது நல்ல பொருத்தம். நம்முடைய மாவட்டத்திலேயே புல்மோட்டைக் கரையில் இருக்கும் கறுப்பு மணலில் இல்மனைற் இருக்கிறது. அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரமாக இருக்கும்.

இந்தக் கணக்கைத் தாளில் மட்டும் செய்வதில்லை, பொறியும் இதைத்தான் செய்கிறது. அணுக்களின் திணிவைக் காட்டும் பொறியான திணிவு நிறமாலைமானியில் ஒரு வகை, அயன்கள் பறக்கும் நேரத்தை அளக்கும். ஒற்றை ஏற்றமுள்ள அயன்களை எல்லாம் ஒரே 1000 வோல்ற்றால் தள்ளினால் எல்லாவற்றுக்கும் ஒரே இயக்கசக்தி, 1000 இலத்திரன்வோல்ற்று. சக்தி சமன் என்றால் பாரம் குறைந்தது முந்தும், கூடியது பிந்தும். ஒரு மீற்றர் குழாயைக் கடக்கத் தைத்தேனியம்-48 க்கு ஏறத்தாழ 15.8 மைக்ரோசெக்கன், இரும்பு-56 க்கு 17.0. அந்த ஒரு மைக்ரோசெக்கன் சொச்சம் இடைவெளியில் இல்மனைற்றின் இரண்டு உலோகங்களும் பிரிந்து தெரியும். நான் இதைக் கையால் கணித்துப் பார்த்தபோதுதான் இலத்திரன்வோல்ற்றை யூலாக்கும் அந்த 1.602 × 10⁻¹⁹ எதற்கு என்று உண்மையில் விளங்கியது.

ஒரு விசயம், பொறி 47.87 என்று ஒருபோதும் காட்டாது. அது தைத்தேனியத்தின் ஐந்து உறுதியான சமதானிகளின் (ஒரே மூலகத்தின் வேறு வேறு திணிவுள்ள அணுக்களின்) சராசரி. பொறியில் 46 இலிருந்து 50 வரை ஐந்து முனைகள் தனித்தனியாக நிற்கும்.

சீனக்குடா வாசகர்:

எல்லாம் சரி, ஆனால் திணிவு மட்டும் போதுமா? எங்கள் சேர் கொடுத்த கணக்கு இது: 27 பாகை செல்சியசில் ஒரு மூலகத்தின் அணுக்கள் தனித்தனியாகத் திரிகின்றன. அவற்றின் கதிகளை வர்க்கித்துச் சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் செக்கனுக்கு 433 மீற்றர். 27 ஐ 300 கெல்வினாக்கி, அதை வாயு மாறிலி 8.314 ஆல் பெருக்கி ஒன்றரை மடங்காக்கி, ஒரு மூலுக்கான சக்தி 3.74 கிலோயூல் என்று எடுத்தால் 39.9 கிராம் வரும். ஆகன் 39.95. ஆனால் கல்சியமும் 40.08! மூன்றாம் இலக்கத்தில் சின்னத் தளர்வு இருந்தாலே குழப்பம். பொற்றாசியம் 39.10, ஆகனுக்குப் பின்னால் வந்தும் பாரம் குறைவு.

1894 இல் ஆகனைக் கண்டறிந்த ரேலிக்கும் ராம்சேக்கும் இதே தலையிடிதான். அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தை அளந்து, அது தனித்தனி அணுக்களாக இருக்கிறது, அணுத்திணிவு 40 அளவு என்று முடிவெடுத்தார்கள். அட்டவணையில் எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை ஆயிற்று. 1913 இல் மோஸ்லி ஊடுகதிர்களை வைத்து அணு எண்ணைக் காட்டிய பிறகுதான் வரிசை திணிவால் அல்ல, புரோத்தன் எண்ணிக்கையால் என்று தெளிவாயிற்று. அதனால் 47.8 வந்தால் தைத்தேனியம் என்று துணிந்து சொல்லலாம், 40 வந்தால் இன்னொரு துப்புக் கேட்க வேண்டும்.

உவர்மலை ரீச்சர்:

தம்பி, இது மிகவும் சரியான கேள்வி. ஆகன் கணக்கை நானும் கொடுப்பேன். இனிமேல் ‘அறை வெப்பநிலையில் வாயு’ என்ற சொற்களையும் வினாவிலேயே சேர்த்துவிடுகிறேன். 27 ஐ கெல்வினாக்காமல் விட்டால் 3.59 வருகிறது, அதையும் பிள்ளைகள் ஈலியம் என்றுதான் எழுதுவார்கள். நாளை வகுப்பில் இரண்டு கணக்கையும் சேர்த்தே போடுகிறேன்.