எகிப்து, அரபு வரலாறு: முதலில் எதைப் படிப்பது?

நிலா: பிரமிடு, மம்மி பற்றி நிறையப் படித்தாயிற்று. அதற்கப்புறம் அரபு எகிப்தாக அந்த நாடு வாழ்ந்த ஆயிரத்துச் சொச்சம் வருடங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கே தொடங்கலாம்?

கதிர்: ஆல்பர்ட் ஹௌரானியின் 'அரபு மக்களின் வரலாறு', 1991. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி மொராக்கோ முதல் இராக் வரை ஒரே புத்தகத்தில். இது இல்லாமல் வேறு எதைத் தொட்டாலும் எகிப்தை ஆண்ட மம்லூக் யார், உஸ்மானியத் துருக்கியர் யார் என்றே குழம்பும்.

தாமரை: கதிர் அண்ணா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நானும் அதில்தான் தொடங்கினேன், பாக்தாதை ஆண்ட அப்பாஸியர் காலத்தைத் தாண்டவில்லை, மூடி வைத்துவிட்டேன். என்னை உள்ளே இழுத்தது எகிப்திய வரலாற்றாசிரியர் ஜபர்தி. 1798-இல் நெப்போலியன் படையோடு வந்து இறங்கி, பிஸ்மில்லா சொல்லித் தொடங்கி, பிரெஞ்சுக்காரர்களும் முஸ்லிம்கள்தான் என்று அரபியில் ஓர் அறிவிப்பு விடுகிறார். கெய்ரோவின் பழைய இஸ்லாமியக் கல்விக்கூடமான அஸ்ஹரின் அறிஞரான ஜபர்தி அதைக் கையில் எடுத்து, இங்கே இலக்கணப் பிழை, இந்தச் சொல் இங்கே பொருந்தாது, இது பச்சைப் பொய் என்று வரி வரியாகப் பிரித்துப் போடுகிறார். அதே மனிதர் பிரெஞ்சுக்காரர்களின் நூலகத்துக்குப் போய், சாதாரணச் சிப்பாய்கூட உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து வியந்தும் எழுதுகிறார். கோபமும் வியப்பும் ஒரே ஆளிடம்! இது எந்தப் பொது வரலாற்றில் கிடைக்கும்?

கதிர்: ஜபர்தியை நானும் மதிக்கிறேன் தாமரை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கெய்ரோ மக்கள் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துக் கிளம்பியபோது அவர்களை அவர் எப்படிப் பேசுகிறார், பார்த்தீர்களா? கீழ்மக்கள், கலகக் கூட்டம் என்கிறார். மேல்தட்டு அறிஞரின் பார்வை அது. புதிதாக வருபவருக்கு அது எப்படித் தெரியும்?

தாமரை: சரி, அது நியாயம். அதனால்தான் கூடவே எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைனின் தன்வரலாறு 'அந்நாட்கள்' வேண்டும் என்பேன். கிராமத்துப் பையன், கண்நோய் வந்து நாவிதர் வைத்தியத்தில் பார்வை போகிறது, பின்னால் 1902-இல் காலராவில் அண்ணனும் போகிறான். வீட்டு வேலியைத் தாண்டி உலகமே இல்லை என்று நினைத்த அந்தக் குழந்தையின் பக்கங்களைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ரஹீம்: ஆங்கிலேயர் எட்வர்ட் லேனை விட்டுவிட்டீர்களே? 1836-இல் வந்த புத்தகம். கெய்ரோவின் திருமணம், சந்தை, உடை என்று ஒன்றையும் விடவில்லை.

தாமரை: விவரம் உண்டு ரஹீம் பாய், மறுக்கவில்லை. ஆனால் மன்சூர் எஃபெண்டி என்ற பெயரில் துருக்கிய உடையில் அவர்களுக்குள் வாழ்ந்து, லண்டன் வாசகருக்காக எழுதியவர். மேற்கத்தியர் கிழக்கைப் பற்றி எழுதும் விதம் குறித்து எட்வர்ட் சயீத் 1978-இல் கேட்ட கேள்விகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. முதல் புத்தகமாக வேண்டாம், மூன்றாவதாக வரட்டும்.

கதிர்: அதில் நான் தாமரை பக்கம். நிலா, ஹௌரானியை முழுதாகப் படிக்க வேண்டாம். மூன்றாம் பாகம், உஸ்மானியர் காலம், அதை மட்டும் படியுங்கள். அது சரியாக ஜபர்தி வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும்.

நிலா: ஜபர்தியின் முதல் புத்தகம் ஏழு மாதக் கதைதானாமே, அப்படியென்றால் இந்த மாதமே இரண்டையும் முடித்துவிடுவேன். தாஹா ஹுசைன் அடுத்து.