யூட்டா 95-ஆம் நெடுஞ்சாலை: பெட்ரோல் போதுமா?

செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்குகளில் தனியாக 4 நாள் பைக் பயணம். வண்டி ஹோண்டா ரெபெல் 500, டேங்க் சுமார் 11 லிட்டர், சாலை டயர்.

சிக்கல் மூன்றாம் நாளில்தான். ஹாங்ஸ்வில் ஊரில் டேங்கை நிரப்பி 95-இல் கிளம்பி, நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற இயற்கைப் பாறைப் பாலங்களைப் பார்த்துவிட்டு, 261-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி, மோகி டக்வே என்ற மலையிறக்கப் பாதை வழியாக மெக்சிகன் ஹாட் என்ற ஊர். எப்படிக் கூட்டினாலும் 230 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. போன வாரம் முழுச் சுமையோடு, எதிர்காற்றில் ஓட்டிப் பார்த்தேன். 180-லேயே எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது.

நடுவில் ஹைட் என்ற இடத்தில் பெட்ரோல் கிடைக்குமா என்று இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டியும் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் இல்லை. 4 லிட்டர் கேன் வாங்கினேன். அதைப் பின்னால் கட்டினால் வண்டி ஆடுகிறது. மோகி டக்வேயோ 5 கிலோமீட்டர் ஜல்லிப் பாதை, 11 சதவீதச் சரிவு, கொண்டை ஊசி வளைவுகள் வேறு. (படத்தில் பார்த்தபோதே வயிறு கலங்கியது.)

அந்தப் பக்கம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: கேனோடு டக்வேயில் இறங்கலாமா, இல்லை பிளாண்டிங் ஊருக்குப் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு தார்ச்சாலையிலேயே சுற்றி வருவதுதான் சரியா?