2021 சிட்டி சிவிடி, விலை குறைவாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

திருச்சிக்காரன்:

வணக்கம். ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. இப்போது இருப்பது பழைய ஆல்டோ. ஊருக்குப் போனால் பாதிச் சாமான் பிள்ளைகள் மடியில்தான். அடிக்கடி சென்னை போக வேண்டியிருக்கிறது. எஸ்யூவி ஆசை எனக்கு இல்லை. டிக்கி பெரிதாக இருக்கும் செடான் போதும். எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் வரை போகலாம். ஆட்டோமேட்டிக் என்றால் நல்லது.

சென்னையில் ஒரு பழைய கார் டீலரிடம் ஹோண்டா சிட்டி பார்த்தேன். 2021 மார்ச் பதிவு, பெட்ரோல், சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்), டிஎன் 14 நம்பர், ஃபர்ஸ்ட் ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர். 7.90 லட்சம் கேட்கிறார், இன்னும் குறைப்பாராம். இதே வருடம், இதே மாடலை மற்ற இடங்களில் ஒன்பதரைக்குக் கீழே யாரும் சொல்லவில்லை. உள்ளே புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஓட்டிப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை.

உறுத்துவது இரண்டு விஷயம். சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டதாம். ஆர்சியில் வங்கிக் கடன் இன்னும் நிற்கிறது. "கடன் கட்டியாச்சு சார், பேப்பர் பின்னாலேயே வரும்" என்கிறார். இந்த வாரத்துக்குள் டோக்கன் (முன்பணம்) போடச் சொல்கிறார். எடுக்கலாமா, இல்லை இந்தப் பணத்துக்குப் புது மாருதி டிசையரே எடுத்துவிடலாமா?

வைகைக்கரை:

புதுசா பழசா என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன். வரிக் கணக்கைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டிசையர், அமேஸ் இதில் வரும். சிட்டி நாலரை மீட்டருக்கு மேல், 1498 சிசி. அதற்கு 40. அதற்கு மேல் நம் மாநிலச் சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அதாவது 9.90 லட்சம் வண்டிக்கு ஏறக்குறைய 1.29 லட்சம் கட்டுகிறீர்கள், 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் விலை வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரம் வரி! பெரிய செடான் புதுசாக வாங்குகிறவர் எல்லா இடத்திலும் அதிகம் கொடுக்கிறார்.

பழையதில் அந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் பெயர் மாற்றும் கட்டணம் மட்டும்தான். வேறு மாநில வண்டியை மலிவு என்று எடுத்தால் இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், அதை மறக்காதீர்கள்.

புது டிசையர் ஏஜிஎஸ் (மாருதியின் ஆட்டோமேட்டிக்) கீழ் வேரியன்ட் உங்கள் ஒன்பதுக்குள் வரலாம். ஆனால் அதன் டிக்கி 382 லிட்டர், சிட்டியில் 506. மடியில் சாமான் வைப்பதுதான் பிரச்சினை என்றால் இதை யோசியுங்கள்.

வேளச்சேரிவாசி:

டிஎன் 14 என்றால் சோழிங்கநல்லூர். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நம்பர் வண்டி எல்லாமே வெள்ளத்தில் நின்றது என்று சொல்லவில்லை. ஆனால் விலை ஒன்றரை லட்சம் குறைவு, சர்வீஸ் புத்தகம் இல்லை, உள்ளே மட்டும் புதுசு: மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது தண்ணீர்தான்.

டோக்கன் போடாதீர்கள். முதலில் இந்த மூன்றைக் கேளுங்கள்.

வண்டி நம்பரைக் கொண்டு ஹோண்டா சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி. ஓனர் போனில் சம்மதம் சொன்னால் பெரும்பாலும் காட்டுவார்கள். புத்தகம் தொலைந்தாலும் கம்ப்யூட்டரில் இருக்கும்.

இரண்டாவது, இன்சூரன்ஸ் பாலிசி. பழையதும் கிடைத்தால் நல்லது. அதில் நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத ஓனருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளைம் இல்லாமல் போனால் 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். 2021 மார்ச் வண்டி, ஒரே ஓனர், 2025 மார்ச்சில் புதுப்பித்திருந்தால் 45 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் நடுவில் கிளைம் போட்டிருக்கிறார்கள், எந்த வருடம் என்பதையும் அந்த எண்ணை வைத்தே பின்னோக்கி எண்ணிவிடலாம்.

மூன்றாவது, கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்ஓசியும், கடன் பதிவை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35ம். இவை இல்லாமல் ஆர்சியிலிருந்து கடன் நீங்காது. "பின்னாலேயே வரும்" என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கோவை ஒர்க்‌ஷாப்:

மேலே உள்ளவர் சொன்னது பேப்பர். வண்டியில் எங்கே பார்ப்பது என்று நான் சொல்கிறேன் தம்பி. பகலில் போங்கள், வண்டி குளிர்ந்திருக்கும்போது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

சீட் பெல்ட்டை முடிவு வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கோடு அங்கே நிற்கும். பெல்ட்டின் அடியில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கும். அதில் தயாரித்த தேதி இருக்கும், அதையும் போட்டோ எடுங்கள்.

சீட்டை முன்னால் தள்ளிவிட்டு அது நகரும் கம்பியையும் போல்ட்டையும் பாருங்கள். கால்மிதி மேட்டைத் தூக்கி அடியில் கை வையுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். தண்ணீர் கடைசியாக வற்றுகிற இடம் அது. டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏசி போட்டு உட்காருங்கள். சென்ட் அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், நல்ல வண்டிக்கு எதற்குச் சென்ட்?

டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 0521 என்றால் 2021ஆம் வருடம் ஐந்தாவது வாரம். 41,000 ஓடிய வண்டியில் பழைய டயரே இருக்கலாம், தப்பில்லை. 41,000 காட்டும் வண்டியில் இரண்டாவது செட் டயரும் தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

மதுரை மாப்பிள்ளை:

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்களே. வெள்ளத்தில் நின்றதாகவே இருக்கட்டும், இரண்டு வருடம் ஓடியிருக்கிறதே? என் சித்தப்பா வண்டி 2015 வெள்ளத்தில் நின்றது. இன்னும் ஓடுகிறது. ஆறு லட்சத்துக்குக் கேட்டுப் பாருங்கள் ப்ரோ, கொடுத்தால் லாபம்தான்.

கோவை ஒர்க்‌ஷாப்:

சித்தப்பா வண்டி எது வரை நனைந்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியும், மாப்பிள்ளை. அடுத்தவன் வண்டியில் அது தெரியாது. தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை நின்று உள்ளே வராமல் போயிருந்தால் நானே எடுக்கச் சொல்வேன். சீட் வரை ஏறியிருந்தால் கதை வேறு. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம், ஆயில் மாற்றலாம். ஒயரிங் அப்படி இல்லை. தரைக்கு அடியில் போகிற ஒயர்களின் இணைப்புகளில் ஈரம் இறங்கினால் அரிப்பு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு ஒரு கதவுக் கண்ணாடி இறங்காது, ஆறு மாதம் கழித்து ஏபிஎஸ் (பிரேக்) எச்சரிக்கை விளக்கு எரியும். ஏர்பேக்கின் கன்ட்ரோல் யூனிட்டும் தரைமட்டத்தில்தான் வைப்பார்கள். அது வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? குடும்பம் உட்காரும் வண்டிக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சர்வீஸ் சென்டரில் கடைசிப் பதிவு 2023 செப்டம்பர், 29,000 கிலோமீட்டர். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பாலிசியில் நோ கிளைம் போனஸ் 20 சதவீதம். டயர் நான்கும் 2021ஆம் வருடத்து டயர்.

கோவைக்காரர் சொன்ன சீட் பெல்ட்: சேற்றுக் கோடெல்லாம் இல்லை, சுத்தமாக இருக்கிறது. ஆனால் துணிச் சீட்டில் 2024 என்று இருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் ஓரத்தில் இரண்டு, நான்குமே 2024. டீலரிடம் கேட்டால் சின்ன ஆக்சிடென்ட் ஆகி முன்பக்கம் தட்டியதாம், ஏர்பேக் வெடித்தால் பெல்ட் மாற்றியாக வேண்டுமாம். அதற்குத்தான் கிளைமாம். பம்பரைச் சுற்றிப் பெயிண்ட் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஸ்டெப்னி குழியில் புது கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

வேளச்சேரிவாசி:

20 சதவீதம் என்றால் கணக்கு நேராக வருகிறது. 2025 புதுப்பிப்பில் 20, அப்படியென்றால் 2024 மார்ச்சில் சுழியம். கிளைம் 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில். செப்டம்பரில் சர்வீஸ் நின்றுவிட்டது. டிசம்பரில் புயல்.

கோவை ஒர்க்‌ஷாப்:

டீலர் சொன்னதில் பாதி உண்மை. பலமாக மோதினால் முன் பெல்ட்டுகளை இறுக்கும் டென்ஷனர் வெடிக்கும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் முன்பக்கம் தட்டியதற்குப் பின் சீட்டு பெல்ட்டை யாரும் மாற்ற மாட்டார்கள். முன்னும் பின்னும் நான்கையும் மாற்றி, ஸ்டெப்னி குழிக்கும் பெயிண்ட் அடித்தால் என் அனுபவத்தில் ஒரே காரணம்தான், வெள்ளம். ஏர்பேக் வெடித்த வண்டியின் பானெட்டிலும் ஃபெண்டர் போல்ட்டிலும் கை வைத்த அடையாளம் இருக்கும். நீங்களோ பம்பரைச் சுற்றிப் பெயிண்ட் வித்தியாசம்கூட இல்லை என்கிறீர்கள்.

விட்டுவிடுங்கள். ஆறு லட்சத்துக்கும் வேண்டாம்.

வைகைக்கரை:

பெயர் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்கள் (29, 30) கட்டை டீலர் நீட்டினால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டியை ஓனர் டீலரிடம் ஒப்படைத்ததையும் பதிய வேண்டும். அதற்கு 29சி என்று தனிப் படிவமே இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

திருச்சிக்காரன்:

விட்டுவிட்டேன். டீலர் 7.10 வரை இறங்கினார். அப்படி இறங்கியதும் ஆசை இன்னும் குறைந்துவிட்டது.

இப்போது வேறொன்று. இங்கேயே திருச்சியில் ஒரு மாருதி சியாஸ் செடான், 2019, 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 52,000 கிலோமீட்டர். ஓய்வுபெற்ற ஒருவர் நேரடியாக விற்கிறார். எல்லா சர்வீஸும் ஒரே இடத்தில், பில்லை வரிசையாக ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். போனஸ் 50 சதவீதம். கடன் இல்லை. 6.80 சொல்கிறார். அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். முழங்கால் வலிக்கு ஏறுவது கொஞ்சம் தாழ்வுதான், ஆனால் பின்சீட்டில் காலை நீட்ட இடம் கிடைத்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. சியாஸை நிறுத்திவிட்டார்களே, பார்ட்ஸ் கிடைக்குமா என்பதுதான் கவலை.

வைகைக்கரை:

2025 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள், அது வரை விற்பனையில் இருந்த வண்டி. அந்த இன்ஜினும் அதே நாலு கியர் ஆட்டோமேட்டிக்கும் மாருதி எர்டிகாவிலும் வந்தவை. இன்ஜின், கியர் சாமானுக்குக் கவலை வேண்டாம். டிக்கி 510 லிட்டர், சிட்டியைவிட நாலு லிட்டர் கூட! விறுவிறுப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஹைவேயில் லாரியைத் தாண்டும்போது கியர் இறங்க ஒரு நொடி யோசிக்கும். வாங்கிய பின் மறுவிற்பனை விலை கொஞ்சம் அடிபடலாம், அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள்.

கோவை ஒர்க்‌ஷாப்:

2018க்குப் பிந்தைய சியாஸ் பெட்ரோலில் வழக்கமான பேட்டரி தவிர லித்தியம் பேட்டரி ஒன்றும் உண்டு. மாற்றினால் செலவு அதிகம். பணம் கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு முறை ஸ்கேன் போட்டு அதன் நிலையைக் கேளுங்கள். கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதை அந்த ஃபைலில் தேடுங்கள்.

வேளச்சேரிவாசி:

அந்த 50 சதவீதப் போனஸ் ஓனருடையது, வண்டியுடையது அல்ல. உங்கள் பெயருக்கு மாற்றும்போது அது வராது, ஆகவே பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் வையுங்கள். ஆர்சி மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கிளைம் என்று போகும்போது தகராறு வரும். பெரியவரிடம் அவருடைய ஃபாஸ்டேக்கையும் மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சென்னை போகும்போதெல்லாம் சமயபுரம் டோலில் அவர் கணக்கிலிருந்து பணம் போகும். இரண்டு சாவியும் இருக்கிறதா?

திருச்சிக்காரன்:

இரண்டும் இருக்கிறது. ஸ்கேனுக்குச் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். பெரியவரே கூட வருகிறேன் என்கிறார்.