மிக்ஸ்டவுன், எக்ஸ்போர்ட், கிளிப்பிங்: ஆடாசிட்டிக்கான சொற்கள்

> மிக்ஸ்டவுன் = கலந்திறக்கம், எக்ஸ்போர்ட் = ஏற்றுமதி என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். ஒலிப்பதிவு, ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியைத் தமிழாக்குவதற்கான சொற்கள் பற்றியது இது. மிக்ஸ்டவுன் என்பது பல தடங்களை (தனித்தனி ஒலிப்பதிவு அடுக்குகளை) ஒன்றாகக் கலப்பது.

'கலந்திறக்கம்' வேண்டாம் என்பது என் கருத்து. வெளிக்கோப்பை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட்டுக்கு 'இறக்குமதி' ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நிரலில் இரண்டு 'இறக்க' வந்தால் புதியவர் தடுமாறுவார். 'ஒலிக்கலவை' திரைப்படப் பெயர்ப்பட்டியலில் பழகிய சொல்தான். ஆனால் அது ஒலி அளவைச் சரிசெய்வது, இட வலமாகப் பிரிப்பது, எதிரொலி சேர்ப்பது என முழு வேலைக்கும் பெயர். நமக்கு வேண்டியது அதன் கடைசிப் படிக்கான சொல்.

பாட்டு, தம்பூரா, மிருதங்கம் என மூன்று தடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் தேர்ந்தெடுத்து 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' கொடுத்தால் அவை போய் ஒரே தடம் நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூலத் தடங்கள் அப்படியே இருக்க, கலந்த தடம் தனியாகச் சேரும். இரண்டுமே திட்டக்கோப்புக்குள் (ஆடாசிட்டி தன் வேலையைச் சேமிக்கும் கோப்புக்குள்) நடப்பவை. அதனால் 'ஒருதடமாக்கு' என்று முன்மொழிகிறேன்.

———

> 'ஒருதடமாக்கு' என்று முன்மொழிகிறேன்.

இதில் ஒரு சிக்கல். அதே மிக்ஸ் துணைப்பட்டியலில் ஸ்டீரியோவை (இட, வல என இரட்டை ஒலி) மோனோவாக (ஒற்றை ஒலி) மாற்றும் கட்டளையும் உண்டு. 'ஒருதடமாக்கு' என்றால் பலர் அதைத்தான் நினைப்பார்கள். 'இணை' என்ற சொல்லையும் தொட முடியாது. துண்டுகளை ஒட்டும் ஜாயினுக்கு அது வேண்டும். பெயர்ச்சொல்லாகத் 'தடக்கலப்பு', கட்டளையாகத் 'தடங்களைக் கலந்து ஒன்றாக்கு' என்று வைக்கலாம். சற்று நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது. 'ரெண்டர்' என்பதை மட்டும் தனியாக மொழிபெயர்க்க வேண்டாம். ரீப்பர் என்ற இன்னொரு ஒலி மென்பொருளில் ரெண்டர் என்றால் வெளியே கோப்பாக எழுதுவது, இங்கே அப்படியில்லை.

உதவிக்குறிப்பில் "முதலில் தடக்கலப்பு, பிறகு ஏற்றுமதி" என்று எழுதியிருப்பதை எடுத்துவிட வேண்டும். ஏற்றுமதியின்போது மென்பொருளே தடங்களைக் கலந்துகொள்ளும். தேவையில்லாமல் முன்பே கலந்து, சேமித்து, மூடிவிட்டால் செயல்நீக்க (அன்டூ) வரலாறும் போய்விடும். மிருதங்கம் மட்டும் சத்தமாக இருக்கிறது என்று மறுநாள் தெரிந்தால் அதைத் தனியே குறைக்க வழியில்லை.

'ஏற்றுமதி' என்ற சொல் அப்படியே இருக்கட்டும். லேபிள்களையும் (தடத்தில் இடம் குறிக்கும் எழுத்துக் குறிப்புகள்) அதே சொல்லால்தான் வெளியே எடுக்கிறோம், 'ஒலிக்கோப்பாக்கு' என்றால் அதற்குப் பொருந்தாது. ஆனால் பட்டியலில் 'ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்' என்று முழுதாக வர வேண்டும். 'சேமி' கொடுத்தால் கிடைப்பது .ஏயுபி3 திட்டக்கோப்பு. அதை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, கைபேசியில் பாடவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம்.

———

தடக்கலப்பு எனக்கும் சரி.

ஒலி அளவு வரம்பைத் தாண்டிச் சிதைவதான கிளிப்பிங்கை 'உச்சிவெட்டு' என்று போட்டிருக்கிறோம். 'வெட்டு' கன்ட்ரோல் எக்ஸுக்கு (கட்) போய்விட்டது, 'கிளிப்' என்றாலோ இங்கே ஒலித்துண்டு. 'உச்சிமழுங்கல்' என்று மாற்றலாம். நடப்பதும் அதுதான்: அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகிறது.

குறிப்பில் காரணத்தையும் சேர்க்க வேண்டும். தடங்கள் தனித்தனியே 0 டெசிபெலுக்கு (கோப்பில் எழுதக்கூடிய உச்ச அளவு) கீழே இருந்தாலும் கூடும்போது தாண்டும். ஒரே ஒலி இரு தடங்களில் இருந்தால் கூட்டுத்தொகை 6 டெசிபெல் ஏறும். திட்டக்கோப்பு 32 பிட் மிதவைப்புள்ளியில் (0 டெசிபெலைத் தாண்டிய அளவையும் வைத்திருக்கும் எண் வடிவம்) இருக்கும்வரை எதுவும் இழப்பில்லை. 16 பிட் வேவ் கோப்பாக எழுதும்போதுதான் உச்சிகள் போகின்றன. அந்தக் கோப்பில் பிறகு ஒலியைக் குறைத்தாலும் திரும்பாது. எனவே ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு தடத்தின் கெயினையும் (ஒலி அளவு) குறைத்து, மொத்த உச்சம் −1 டெசிபெலைத் தாண்டாதபடி பார்க்க வேண்டும். எம்பி3 ஆக்கும்போது உச்சம் சற்று ஏறக்கூடும், அந்த இடைவெளி அதற்கும் உதவும்.

ஒரு தடத்தின் சோலோ (அதை மட்டும் ஒலிக்கச் செய்யும்) பொத்தான் அழுத்தியபடி இருந்தால் அந்த ஒரு தடம் மட்டுமே கோப்பில் வரும். மியூட் செய்த (ஒலி அடக்கிய) தடம் வராது. இந்த இரண்டையும் குறிப்பின் முதல் வரியிலேயே வைப்போம்.

கோப்பின் அளவு பற்றி: 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. பேச்சுக்கு மட்டும் என்றால் மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) போதும். பாட்டுக்கு ஸ்டீரியோ எம்பி3, 192 கேபிபிஎஸ். மூல வேவ் கோப்பை அழிக்க வேண்டாம் என்ற வரி ஆங்கிலக் குறிப்பில் இல்லை. தமிழில் சேர்த்துவிடுகிறேன்.