குக்கீ பரவித் தட்டையாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

ஞாயிறு_அடுப்பு:
சாக்லேட் சிப் குக்கீ வீட்டில் செய்கிறேன். மாவை உருட்டி ட்ரேயில் வைத்தால், ஏழெட்டு நிமிஷத்தில் எல்லாம் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிடுகிறது. ஓரம் கருகுகிறது, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு. முதல் ஈடு பரவாயில்லை, அதே ட்ரேயில் வைக்கிற இரண்டாவது ஈடுதான் படுமோசம். வெண்ணெயை மைக்ரோவேவில் உருக்கி, சர்க்கரை கலந்து, முட்டையும் மைதாவும் சேர்த்து உடனே சுட்டுவிடுகிறேன். எல்லாமே கப் அளவுதான். பேக்கிங் சோடா கூடிவிட்டதோ?

தராசுக்காரி:
சோடாவை விடுங்கள். அது கூடினால் வாயில் சோப்பு ருசி அடிக்கும், நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ஈடு மோசம் என்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சூடு ஆறாத ட்ரேயில் மாவை வைத்தால், ஓவனுக்குள் போவதற்கு முன்பே அடிப்பகுதி இளகத் தொடங்கிவிடும். முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்குள் உருண்டை ஓடிவிடுகிறது. இரண்டு ட்ரே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒன்றையே நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வெண்ணெய். உருக்க வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அந்தப் பக்குவத்தில் சர்க்கரையோடு சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று நிமிஷம் அடியுங்கள்.

நான் செய்யும் அளவு இது: வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 100, வெள்ளைச் சர்க்கரை 60, முட்டை 1, மைதா 150, சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், சிப்ஸ் 170 கிராம். கப்பை நம்பாதீர்கள். அதே கப்பில் மைதாவைத் தளர்வாகப் போட்டால் 120 கிராம், அள்ளி அழுத்தினால் 150 வரை போகும். அந்த வித்தியாசத்திலேயே குக்கீ தகடாகவும் ஆகும், கல்லாகவும் ஆகும். தராசு வாங்கிய பிறகு எனக்குப் பாதித் தலைவலி போய்விட்டது.

வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் மொறுமொறுப்பு கூடும், பரவுவதும் கூடும். பிரவுன் சுகரில் இருக்கும் மொலாசஸ் (கருமையான கரும்புப் பாகு) ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் லேசான புளிப்புதான் சோடாவையும் வேலை செய்ய வைக்கிறது. அதனால் அதைக் குறைக்காதீர்கள்.

மாவைப் பிசைந்ததும் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். ஒரு ராத்திரி வைத்தால் மைதா ஈரத்தை இழுத்துக்கொண்டு ருசியும் நிறமும் கூடும். பிறகு 40 கிராம் உருண்டைகள், நல்ல இடைவெளி, 180 டிகிரி, 11 நிமிஷம் போல. ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் வேகாத மாதிரி தெரியும்போதே எடுத்துவிடுங்கள். ட்ரேயிலேயே ஐந்து நிமிஷம் விட்டால் மிச்சம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். முதலில் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். அது பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம். மொத்தத்தையும் ஒரேயடியாக ஓவனில் தள்ளுவது சூதாட்டம்!

மெல்லும்_கட்சி:
வெண்ணெயை உருக்கவே கூடாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். உருக்கினால்தான் நடு மெத்தென்று, மென்று தின்ன இதமாக வரும். உருக்கியதை முழுசாக ஆறவிட வேண்டும், மாவை ஃபிரிட்ஜில் கட்டாயம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு மஞ்சள் கருவும் கூடுதலாகச் சேர்ப்பேன்.

அப்புறம், சிப்ஸுக்குப் பதில் சாக்லேட் பாரை நறுக்கிப் போட்டுப் பாருங்கள். 1930களில் அமெரிக்காவின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் செய்ததும் நறுக்கிய சாக்லேட்டை வைத்துத்தான். சிப்ஸ் பிறகு வந்தது. சிப்ஸில் பொதுவாகக் கொக்கோ வெண்ணெய் குறைவு, அதனால் சூட்டிலும் உருவம் கலையாது. பார் துண்டுகள் உருகி அங்கங்கே தேங்கி நிற்கும்.

தராசுக்காரி:
சரி, ஆறவிட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் உருக்கிய கையோடு கலக்கிறார். அந்தச் சூட்டில் சிப்ஸும் மாவிலேயே இளகிவிடும். பார் யோசனை நல்லது, நறுக்கும்போது விழும் தூளையும் சேர்த்துப் போடுங்கள்.

ஞாயிறு_அடுப்பு:
ஆறிய ட்ரேயில் ஒன்றை மட்டும் சுட்டுப் பார்த்தேன், உருண்டையாகவே நின்றது! மீதி உருண்டைகளை ஃபிரீசரில் போட்டு வைக்கலாமா?

தராசுக்காரி:
தாராளமாக. ட்ரேயில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள், ஒட்டிக்கொள்ளாது. சுடும்போது உறைநிலை போக வேண்டியதில்லை, அப்படியே ஓவனில் வைத்து இரண்டு நிமிஷம் கூட விடுங்கள்.