ஸ்குவாட், டெட்லிஃப்ட்: நம்மூர் ஜிம்கள்ல கண்ணுல படுற கோளாறும் அதைச் சரி பண்ணுற வழியும்

பாளையங்கோட்டை, ஜிம் மாஸ்டர்:

டெட்லிஃப்ட் (தரையில கிடக்குற இரும்பு பாரைக் குனிஞ்சு பிடிச்சு நிமிந்து நிக்கிறது) போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வாரவங்களுக்குப் பெரும்பாலும் கோளாறு முதுகுல இல்ல, பார் கிடக்குற உயரத்துலதான் இருக்கு.

போட்டிப் பிளேட்டோட (பாருல மாட்டுற வட்ட எடை) விட்டம் 45 செ.மீ. அதை மாட்டித் தரையில வச்சா பாரோட மையம் 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். யூடியூப்ல சொல்லிக்குடுக்குறது அத்தனையும் அந்த உயரத்துக்குத்தான். இப்ப நம்ம ஜிம்ல கிடக்குற 10 கிலோ இரும்புப் பிளேட்டை டேப் வச்சு அளந்து பாருங்க. 30 செ.மீ.தான் இருக்குன்னா பார் 15 செ.மீ. உயரத்துல கிடக்கு. ஏழரை செ.மீ. கூடுதலாக் குனியணும். பின்தொடை இறுகின ஆளுக்கு அந்தக் கடைசி ஏழரையிலதான் அடிமுதுகு வளையும். அவன் பக்கத்துல நின்னு 'நேரா வைல, நேரா வைல'ன்னு சத்தம் போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல.

மரப்பட்டறையில சொல்லி ரெண்டு கட்டை அறுத்து வாங்குங்க. 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், எத்தனை செ.மீ. குறையுதோ அத்தனை கனம். முன்னும் பின்னும் ஒரு சின்ன ரீப்பர் அடிச்சிரணும், இல்லைன்னா பிளேட்டு உருண்டு காலுக்கு வந்துரும். கட்டை கிடைக்குற வரைக்கும் ரெண்டு பக்கமும் பிளேட்டைப் படுக்கப் போட்டு, அதுமேல வச்சுத் தூக்குங்க.

இன்னொண்ணு, பாரோட எடை. ஒலிம்பிக் பார் 20 கிலோ, ஏழடி சொச்சம் நீளம். சின்ன ஜிம்ல இருக்குறது கெட்டி இரும்பு ராடு. 28 மி.மீ. ராடு மீட்டருக்கு 4.8 கிலோ வரும், அப்ப அஞ்சடி ராடு ஏழு கிலோ சொச்சம்தான். அதை 20னு கணக்குப் போட்டு நோட்டுல எழுதிட்டு, வேற ஜிம்முக்குப் போய் அதே எடையைப் போட்டா 12 கிலோவுக்கு மேல திடீர்னு கூடிரும். எடை மெஷின்ல பாரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவ, வெறுங்கையோட ஒரு தடவ ஏறி நின்னு கழிச்சுப் பாத்துக்கோங்க.

அம்பை:

அண்ணாச்சி, இங்க பசங்க எல்லாரும் இடுப்பை நல்லாக் கீழ இறக்கி, நெஞ்சை நிமித்தி, ஸ்குவாட் (தோள்ல பாரை வச்சு உக்காந்து எழும்புறது) மாதிரி உக்காந்துதான் தூக்குதாங்க. அப்பிடித்தான் முதுகுக்குப் பாதுகாப்புன்னும் சொல்லுதாங்க. சரியா?

பாளையங்கோட்டை, ஜிம் மாஸ்டர்:

சரியில்ல தம்பி. இடுப்பை அந்தளவுக்கு இறக்கினா முட்டி முன்னால வந்து பாரைத் தள்ளிரும். பார் பாதத்தோட நடுவை விட்டு விரலுக்கு மேல போயிரும். தூக்க ஆரம்பிச்ச உடனே உடம்பு தானாவே இடுப்பை மேல ஏத்தும், பார் அசைஞ்சிருக்கவே செய்யாது. பக்கத்துல இருந்து வீடியோ எடுத்துப் பாத்தா தெளிவாத் தெரியும்: முதல்ல இடுப்பு ஏறும், பொறவுதான் பிளேட்டு தரையை விடும். அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் முதுகு வளையுது.

வரிசை இதுதான். ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேல பார் வாற மாதிரி நில்லுங்க. கணைக்காலுக்கும் (முட்டிக்குக் கீழ உள்ள முன்பக்க எலும்பு) பாருக்கும் ரெண்டரை செ.மீ. இடைவெளி, கால் இடுப்பு அகலம். முட்டியை மடக்காமக் குனிஞ்சு, காலுக்கு வெளிப்பக்கம் ஒட்டிப் பிடிங்க. பாரை உருட்டக் கூடாது. இப்ப முட்டியை மடக்குங்க, கணைக்கால் பாரைத் தொட்ட உடனே நிறுத்திருங்க. இடுப்பு அதுக்குக் கீழ போகவே வேண்டாம். அப்புறம் நெஞ்சை நிமித்தி, கக்கத்துல எதையோ இடுக்கிப் பிடிச்ச மாதிரி இறுக்குங்க. மூச்சை வயித்துக்கு இழுத்து அடக்கி, கையால வெடுக்குன்னு பிடுங்காம, காலால தரையை மிதிச்சுத் தள்ளுங்க.

தள்ளுறதுக்கு முன்னால பாரை லேசா மேல இழுத்தா 'டக்'னு ஒரு சத்தம் வரும். பாருக்கும் பிளேட்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி அடைபடுற சத்தம் அது. அதைக் கேட்டபொறவு மேல போங்க. கேக்காம வெட்டி இழுத்தா கை நீளும், தோள் தொங்கும், அந்த உலுக்கல் நேரா அடிமுதுகுக்குப் போகும்.

மேல வாற வரைக்கும் பார் காலோட உரசிக்கிட்டே வரணும். தண்ணிக்குடத்தை இடுப்புல வைக்குறதுக்கும் கையை நீட்டிப் பிடிக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கயும். மேல வந்து நிமிந்து நின்னாப் போதும், பின்னால சாய வேண்டாம். இறக்கும்போது முதல்ல இடுப்பைப் பின்னால தள்ளுங்க. பார் முட்டியைத் தாண்டினபொறவு முட்டி மடங்கட்டும். முதல்லயே முட்டியை மடக்கினா பார் அதுல இடிக்கும்.

தென்காசி:

ஸ்குவாட் பத்தி நான் சொல்லுதேன். கோளாறு ரேக்குலயே (பாரைத் தாங்குற கொக்கி உள்ள ஸ்டாண்டு) ஆரம்பிச்சிருது. கொக்கி நெஞ்சு நடுவுக்கு நேரா இருக்கணும். எக்கி எடுக்குற உயரத்துல இருந்தா எடுக்கும்போது சமாளிச்சிரலாம், அஞ்சு ரெப்ஸ் (தடவ) முடிச்சுக் களைச்சுப்போய்த் திரும்ப வைக்கும்போதுதான் ஒரு பக்கம் மாட்டி ஒரு பக்கம் நழுவும். கொக்கி ரெண்டு உயரத்துல மட்டுந்தான் இருக்குன்னா தாழ இருக்குறதை எடுத்துக்கோங்க. கொஞ்சம் மடங்கி எடுக்குறதுல ஒண்ணும் குடி முழுகிராது.

பார் கழுத்து எலும்புமேல உக்காரக் கூடாது. தோள்பட்டைகளைப் பின்னால சேத்து இறுக்கினா மேல் முதுகுல ஒரு சதைத் திட்டு எழும்பும், அதுமேல வைங்க. எடுத்துட்டு ரெண்டு மூணு எட்டுப் பின்னால வந்தாப் போதும்.

குதிகால் எழும்புதுன்னு நிறையப் பேர் கேக்காங்க. வெறுங்காலோட சுவரைப் பாத்து நின்னு, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் 10 செ.மீ. விட்டு, குதிகாலை எடுக்காம முட்டியைச் சுவர்ல தொடுங்க. தொட்டுட்டா கணுக்கால் மூட்டுல பிரச்சினை இல்ல, வேற எங்கயோ இருக்கு. தொடலைன்னா ஒன்றரை, ரெண்டு செ.மீ. கனத்துல நீளப் பலகை ஒண்ணு குதிகாலுக்கு அடியில போடுங்க. ரெண்டு தனித்தனி பிளேட்டு வைக்காதீங்க, அது ஆடும். கூடவே அதே சுவர்ப் பயிற்சியை காலுக்குப் பதினஞ்சு தடவ தினமும் செய்யுங்க.

ஓடுறதுக்குப் போடுற பஞ்சு ஷூவோட ஸ்குவாட் வேண்டவே வேண்டாம். எடை ஏற ஏறப் பஞ்சு ஒரு பக்கமா அமுங்கும், முட்டி அந்தப் பக்கமாச் சாயும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பி.டி. வகுப்புக்குப் போடுற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தட்டையா, கெட்டியா இருக்கும். அதே போதும்.

முட்டி உள்பக்கமா மடங்கினா முதல்ல பாதத்தைப் பாருங்க. பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூணும் தரையில அழுந்தி இருக்கணும். விரல் எந்தப் பக்கம் பாக்குதோ முட்டியும் அந்தப் பக்கமே போகணும். முட்டி விரலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுறதை விட்டுருங்க. நீளத் தொடைக்காரன் தாண்டாம உக்காந்தா முன்னால கவுந்துருவான்.

ஆழம்னா, இடுப்பு மடிப்பு முட்டியோட மேல்பக்கத்தை விடத் தாழணும். போட்டி விதி அதுதான். ஆனா கீழ போகும்போது அடிமுதுகு உள்ள சுருண்டா, சுருளுறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடி நிறுத்திக்கோங்க. காலைக் கொஞ்சம் அகட்டி, விரலை வெளிப்பக்கம் திருப்பிப் பாத்தா பலருக்கு இன்னும் ஆழம் கிடைக்கும். புதுசா வாரவங்களுக்கு 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோட அணைச்சு, மூணு விநாடி இறங்கி, அடியில ஒரு விநாடி நின்னு எழும்பச் சொல்லுங்க. பார் அதுக்குப் பொறவு.

எழும்பும்போது இடுப்பு மட்டும் விருட்டுன்னு ஏறி நெஞ்சு கீழயே நிக்கிதா? எடையை முப்பது சதவீதம் குறைச்சு, அடியில ரெண்டு விநாடி நின்னு எழும்புற ஸ்குவாட் மூணு நாலு வாரம் போடுங்க. ரேக்குல பாதுகாப்புக் கம்பி இருந்தா, நீங்க இறங்குற அடிமட்டத்துக்கு ஒரு விரக்கடை கீழ அதை மாட்டிருங்க. கம்பி இல்லாத ரேக்குல ஆள் நிறுத்தாம முழு எடை போடாதீங்க.

வள்ளியூர்:

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. இளவட்டக்கல்லைத் தாத்தாமார் முதுகை வளைச்சுத்தானே தூக்கினாங்க, இப்ப என்ன புதுசா நேர் முதுகுன்னு. பணகுடிப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்குக் கல்லு தூக்குறதை நின்னு கவனிச்சா பதில் கிடைக்கும். உருண்டைக் கல்லுல பிடி கிடையாது. ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சுக் கட்டிப்பிடிச்சாத்தான் எழும்பும், அதுக்கு முதுகு வளைஞ்சே ஆகணும். ஆனா தேர்ந்த ஆளு வளைச்ச முதுகை அதே வளைவுல இறுக்கி வச்சிருப்பாரு. கல்லு முதல்ல தொடைக்கு வரும், அங்க நிதானிச்சு, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால போடுவாரு. கல்லு முழுக்க உடம்போட ஒட்டியே இருக்கும்.

பார் அப்பிடி இல்ல. அது காலுக்கு முன்னால கிடக்கு, உள்ள கொண்டுவர முடியாது. நேரா ஆரம்பிச்ச முதுகு பாதி வழியில வளைஞ்சா, எடை ஏறின நிலையில எலும்பு நகருது. அதுதான் ஆபத்து. ரெண்டையும் பழகலாம், ஒண்ணோட முறையை இன்னொண்ணுக்குப் போடக் கூடாது.

வண்ணார்பேட்டை, பிசியோதெரபிஸ்ட்:

வலியைப் பற்றிச் சில விஷயங்கள். மறுநாள் அடிமுதுகின் இரண்டு பக்கமும் சமமாக இறுகி, நடக்க நடக்கக் குறைந்தால் அது பெரும்பாலும் தசைச் சோர்வு. படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள். எடையைப் பாதியாக்கி அடுத்த வாரம் தொடரலாம். வலி புட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே மின்சாரம் போல இறங்கினால், பாதம் மரத்தால், பெருவிரலைத் தூக்க முடியாமல் போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஹைகிரவுண்டு போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் கனமான செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) போட வேண்டாம். பெல்ட் கட்டினால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். வயிற்றை அதன்மேல் தள்ளி இறுக்கத் தெரிந்தவருக்குத்தான் பெல்ட் உதவும்.

சங்கரன்கோவில்:

சித்திரை வைகாசியில கை வேர்த்துப் பார் வழுக்குது. ஜிம்ல சாக்பவுடர் விட மாட்டேங்காங்க. ஒரு கையைக் கவுத்து, ஒரு கையை மல்லாத்திப் பிடிக்கலாமா அண்ணாச்சி?

பாளையங்கோட்டை, ஜிம் மாஸ்டர்:

பிடிக்கலாம், கடைசி கனமான செட்டுக்கு மட்டும். மல்லாந்து பிடிக்குற கையோட முழங்கை துளி மடங்கினாலும் மேல்கைச் சதை (பைசெப்ஸ்) பிய்யுற அபாயம் உண்டு, அதனால கையைக் கயிறு மாதிரி நீட்டியே வைக்கணும். எந்தக் கை மல்லாந்து இருக்கோ அதைத் தடவைக்குத் தடவ மாத்துங்க. மத்த செட்டெல்லாம் ரெண்டு கையையும் கவுத்துப் பிடிச்சு, கடைசி ரெப்பை மேல பத்து விநாடி நிறுத்துங்க, பிடி தானா ஏறும். பாரை உள்ளங்கை நடுவுல வைக்காம விரல் அடியில வச்சா காய்ப்பும் கிழியாது. ஒரு துண்டு கொண்டுபோய்க் கையையும் பாரையும் சேத்துத் துடைங்க, பாருல முந்தின ஆளோட வேர்வை இருக்கும்.

100 கிலோ டெட்லிஃப்ட் போடணும்னா 40 கிலோ அஞ்சு ரெப்ஸ், 60 கிலோ அஞ்சு, 80 கிலோ மூணு, 90 கிலோ ஒண்ணு, பொறவு 100 கிலோ அஞ்சு, ஒரே ஒரு செட். ஸ்குவாட்டுக்கு அஞ்சு ரெப்ஸ்ல மூணு செட். ரெண்டும் ஒரே நாள்னா ஸ்குவாட் முதல்ல. வாரத்துக்கு ரெண்டரை கிலோ கூட்டினாப் போதும். ஒன்னேகால் கிலோ பிளேட்டு ஜோடி உங்க ஜிம்ல இல்லைன்னா சொந்தமா வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கோங்க. வீடியோ எடுக்கும்போது போனை இடுப்பு உயரத்துல, நேர் பக்கவாட்டுல வைங்க, தரையில சாய்ச்சு வச்சா ஆழம் கூடுதலாத் தெரியும்.